ஹெரால்டுக்கு உயிர் கொடுக்க: பிரேக் முதலில், இன்ஜின் கடைசியில்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற அறுபதுகளின் கார் ஒன்றை எங்கிருந்தாவது இழுத்து வந்தவர்கள் எங்கள் லேத் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "இதுல எந்த இன்ஜின் சார் உக்காரும்?" மாருதி இன்ஜின், பழைய டீசல் இன்ஜின், புதுப்பேட்டையில் பார்த்து வைத்த ஜப்பான் இன்ஜின் என்று கையில் ஒரு பட்டியலே இருக்கும். நான் சொல்லும் பதில் அநேகமாக யாருக்கும் பிடிப்பதில்லை. இருக்கிற 948 சிசி இன்ஜினையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசைத் தகரத்திலும் பிரேக்கிலும் கூலிங்கிலும் ஒயரிங்கிலும் போடுங்கள்.

காரணம் எளிது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே பிரேக் லைன், பின்னால் இறக்கை போல மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில். இதுதான் ஹெரால்ட். இதில் இருமடங்கு குதிரைசக்தியை ஏற்றினால் வண்டி வேகமாகப் போகும், சரி. நிற்குமா? வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகுமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாகம் தேடும்போது இது தேவைப்படும். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட்தான் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961-இல் நம்ம ஊர் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைச் சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தது. 1968-இல் வந்த மார்க் 3-இல் நாலு கதவு. அது இந்தியாவுக்கென்றே செய்தது, இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்ட் கிடையாது. 1971 வாக்கில் ஹெரால்ட் நின்று, அடுத்த வருஷம் அதன் இடத்தில் கெசல் என்ற கார் வந்தது. ஆக, நாலு கதவு மார்க் 3-க்குப் பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, அதன் ரப்பர் எதுவும் லண்டனில் தேடினாலும் கிடைக்காது. இன்ஜின், பிரேக், முன் சஸ்பென்ஷன் பாகங்களோ இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வண்டி வாங்கும்போதே இதை மனதில் வையுங்கள். இன்ஜின் ஜாமாகிக் கிடந்தாலும் பரவாயில்லை. கதவு நாலும் கண்ணாடியோடு இருக்க வேண்டும்.

ஆர்.சி. புக்கைத் திறந்துவிட்டுப் பானெட்டைத் திறங்கள்

இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புக்கில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஐம்பது வருஷத்தில் யாரோ ஒருவர் வேறு ஹெரால்டின் இன்ஜினை மாட்டியிருப்பார், புக்கில் ஏற்றியிருக்க மாட்டார். இதைத் தீர்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இன்ஜின் மாற்றும் ஆசைக்கு இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அது போக, 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகள் அதில் வரும். ஹெரால்ட் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாம், அவ்வளவுதான். தினசரி ஓட்டப்போகிறீர்கள் என்றால் வழக்கம்போல ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு போவதே சரி.

அதனால் நான் வைத்திருக்கும் விதி இது. எந்த மாற்றம் செய்தாலும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சேசிஸை அறுக்கக் கூடாது, பல்க்ஹெட்டில், அதாவது இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில், புது ஓட்டை போடக் கூடாது. கழற்றிய டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்வது), டிரம், பாயிண்ட் செட் (பிளக்குக்குப் பொறி தருவது) எல்லாம் எண்ணெய் தடவிப் பெட்டியில் போய் உட்காரும்.

ஸ்பேனர்

இது சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பாதி வண்டி பாழாகிறது. ஹெரால்டில் உள்ள நட்டு போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு, பெரும்பாலும் யு.என்.எஃப். என்ற நெருக்கமான மரை. நம்ம பையன்கள் கையில் இருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பேனர். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 13-ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டினால் மேலோட்டமாகப் பொருந்துவது போல இருக்கும், துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். 9/16 என்பது 14.3 மி.மீ., அதற்கு 14 நுழையாது, 15 வழுக்கும். முக்கால் இஞ்சுக்கு மட்டும் 19 நன்றாகவே உட்காரும். ஒரு நல்ல இஞ்ச் ரிங் ஸ்பேனர் செட்டும் அரை இஞ்ச் டிரைவ் சாக்கெட் செட்டும் வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கழற்றுவதற்கு முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

தகரமும் சேசிஸும்

ஹெரால்டின் அருமை, அதன் பாடி முழுவதும் துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்பது. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டர் பார்க்கலாம், இடுப்பு வலிக்காது. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது, தனியாக வரும். எல்லாம் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஒரு சேசிஸின் மேல், பக்கவாட்டில் நீண்ட கைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கைகளை அவுட்ரிகர் என்பார்கள். சென்னை உப்புக்காற்றில் முதலில் செத்துப்போவது இதுதான்.

சோதிப்பதற்கு ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். அவுட்ரிகர்களின் முனை, டிக்கிக்குக் கீழே உள்ள பின் கைகள், பின் சக்கரம் இரண்டுக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் தொங்கும் இடம், முன் பாடியும் பின் பாடியும் சேரும் தரைப்பகுதி, இவ்வளவையும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு. பொத்தென்று கேட்டால் பெயிண்டும் பட்டியும். பிறகு பேட்டரி உட்காரும் பல்க்ஹெட் தட்டைப் பாருங்கள். ஐம்பது வருஷம் ஆசிட் சொட்டிய இடம் அது. பக்கத்திலேயே பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள்; அதிலிருந்து கசியும் பிரேக் ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும், உரிந்த இடத்தில் துரு ஏறும்.

அவுட்ரிகரை வெட்டி எடுக்கும் முன் அதிலுள்ள பாடி போல்ட் ஓட்டை சேசிஸிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டே மறு பக்கம் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டிப்போட்டால் எதை வைத்து அளப்பது? வெல்டிங் சி.ஓ.2-வில் மட்டும். கேஸ் வெல்டிங் போட்டால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கதவும் மூடாது. கதவு இடைவெளியைச் சரிசெய்வது பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளில்தான். கழற்றும்போது எந்த போல்ட்டில் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதிய சீட்டோடு பையில் போட்டு வைத்தால், சேர்க்கும் நாளில் டிங்கரிங்காரர் உங்களைக் கும்பிடுவார்.

உள்ளே வெற்றாக இருக்கும் எல்லாப் பெட்டிப் பகுதியிலும் வேலை முடிந்தபின் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மெழுகாலோ அண்டர்கோட்டாலோ அடைத்துவிடாதீர்கள்.

பிரேக்

முன்னால் 8 இஞ்ச் டிரம், பின்னால் 7 இஞ்ச். நல்ல லைனர் போட்டு, டிரம்மை லேத்தில் லேசாக ஓட்டி, ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தால் ஊருக்குள் இது மோசமில்லை. ஆனால் மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மிதிக்கு எதுவும் பிடிக்காது. வேளச்சேரியில் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன்னால் டிஸ்க் போடுவதுதான் நான் சொல்லும் முதல் மாற்றம். இங்கிலாந்து ஹெரால்டிலேயே டிஸ்க் விருப்பத் தேர்வாக இருந்தது. அதே குடும்பத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. அதனால் டிஸ்க், ஹப், கேலிப்பர், கேலிப்பர் பிராக்கெட் எல்லாம் அந்தக் குடும்பத்திலிருந்தே வாங்கினால் வெட்டு ஒட்டு இல்லாமல் போல்ட்டில் உட்காரும். மாருதி 800 டிஸ்க்கைத் தேடிப் போகாதீர்கள். ஹெரால்ட் சக்கர போல்ட் வட்டம் 95.25 மி.மீ., மாருதியில் 114.3. நடுவில் அடாப்டர் தட்டு வைத்துச் சமாளிக்கிறேன் என்று சொல்பவரிடம் உங்கள் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் மாட்டும்போது பலர் மறப்பது மாஸ்டர் சிலிண்டரை. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க் லைனில் அது இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஹப் சூடேறும், மைலேஜ் விழும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதோடு ஒரே லைனை இரண்டாகப் பிரிக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டரையும் போட்டுவிடுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தாலும் மற்ற லைனில் பிரேக் இருக்கும். அதற்கு பிராக்கெட் செய்வது லேத் வேலைதான், ஒரு நாளில் முடியும். என்னைக் கேட்டால் டிஸ்க்கைவிட இதுவே பெரிய உயிர்க்காப்பு. பின் வீல் சிலிண்டரை முன்னதோடு பொருந்தும் அளவில் எடுங்கள். பெரிதாகிவிட்டால் அவசரத்தில் மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.

பூஸ்டர் வேண்டுமா என்றால், 800 கிலோ சுமாருக்கு உள்ள வண்டிக்குத் தேவையில்லை. கால் கொஞ்சம் அழுத்தட்டும். பிரேக் பைப் எல்லாம் புதிதாக, தாமிர-நிக்கல் பைப்பில் போடுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பார்க்காமலே மாற்றுங்கள்.

ட்ரன்னியன்: இந்த ஒன்றை மட்டுமாவது படியுங்கள்

முன் சக்கரம் திரும்புவது எதன் மேல் என்று குனிந்து பாருங்கள். மேலே ஒரு பால் ஜாயிண்ட். கீழே ஒரு பித்தளைக் கட்டி, அதற்குள் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தண்டின் மரை திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் ஏறி இறங்கும். இதுதான் ட்ரன்னியன். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரை வேறு. ஒன்று நேர் மரை, மற்றது எதிர் மரை.

இதற்குள் போக வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கிடையாது. கம்பெனி கையேட்டில் கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி அடிக்கச் சொல்லியிருக்கிறது. கன்னைப் பார்த்ததும் நம்ம சர்வீஸ் பையன்கள் கிரீஸைத்தான் அடிப்பார்கள். எங்கள் பட்டறையிலேயே புதிதாக வந்த பையன் நிப்பிளைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

"அண்ணே, கிரீஸ் அடிச்சிடவா?"

"கன்ன கீழ வைடா தம்பி. அதுக்குள்ள கிரீஸ் போனா அடுத்த மழைக்கு சக்கரம் தனியா, வண்டி தனியா."

கிரீஸ் அடிமரை வரை போய்ச் சேராது, மேலேயே இறுகிவிடும். கீழே தண்ணீர் தேங்கும், தண்டு துருப்பிடிக்கும், துருப்பிடித்த மரை பித்தளையைத் தின்னும். ஒரு நாள் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது தண்டு மரையின் அடியில் முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துகொள்ளும். பார்க்கிங்கில் நடந்தால் அதிர்ஷ்டம்.

அதனால் எந்த ஹெரால்ட் வந்தாலும் இரண்டையும் கழற்றிப் பார்த்தே தீருவேன். தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, மரையை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். மரையின் மேல் விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும். கத்திமுனை போலக் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது. மரை முடியும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடோ சிறு குழியோ தெரிந்தால் அந்தத் தண்டைக் குப்பையில் போடுங்கள், வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுங்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். என்னிடம் கேட்டாலும் செய்ய மாட்டேன். புதுத் தண்டு, புது பித்தளை, புது சீல். மாட்டும்போது கடைசிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி வையுங்கள். இரு பக்கமும் ஸ்டியரிங் முழுசாக ஒடிய இடம் வேண்டும். அதன்பின் ஆயில் அடித்தால் மேல் சீலிலிருந்து பளபளவென்று கசிய வேண்டும். கசிந்தால் நிறைந்துவிட்டது. தரையில் கொஞ்சம் சொட்டும், பரவாயில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை அடித்துவிட்டால் ஆயுசுக்கும் வேலை செய்யும்.

இந்த முன் அமைப்பு நன்றாக இருந்தால் ஹெரால்ட் திரும்புவதைப் பார்க்க வேண்டும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் இன்றைய கார்கள் மூன்று முறை முன்னும் பின்னும் போகிற இடத்தில் இது ஒரே வீச்சில் வரும்.

பின்பக்கம்

பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய ஒரே லீஃப் ஸ்பிரிங், குறுக்காக, டிஃபரென்ஷியலின் தலைமேல். ஆக்சில் இரண்டும் டிஃபரென்ஷியல் பக்கத்து ஜாயிண்ட்டிலிருந்து இறக்கை மாதிரி ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். கெசலில் இதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

நம்ம ஊரில் இதை இன்னும் மோசமாக்குவார்கள். ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது, அடி தட்டுகிறது என்று ஒரு லீஃப் கூடுதலாகச் சேர்த்து வண்டியைத் தூக்குவார்கள். வண்டியைப் பின்னால் நின்று பாருங்கள்: இரண்டு சக்கரத்தின் தலையும் வெளிப்பக்கம் விரிந்து, அடி உள்ளே ஒடுங்கியிருக்கும். இந்த நிலையில் ஹெரால்டை ஹைவேயில் ஓட்டக் கூடாது. சரியான ஸ்பிரிங் போட்டு, ஆட்கள் உட்கார்ந்த நிலையில் சக்கரத்தின் தலை நேராகவோ துளி உள்ளே சாய்ந்தோ இருக்கும்படி கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால், 1970-க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயரின் ஸ்விங் ஸ்பிரிங் இருக்கிறது. அதில் ஒரு லீஃப் மட்டும் இறுக்கி, மற்றவை அச்சில் ஆடும். அதைப் போட்டால் முன்னால், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்ட்டி-ரோல் பாரும் போட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று போடக் கூடாது.

பின் ஹப்பை ஆக்சிலிலிருந்து கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் ஹப் விளிம்பு வளையும். எங்களிடம் நாங்களே கடைந்த புல்லர் ஒன்று இருக்கிறது, தடித்த இரும்பில்.

டயருக்குப் பெரிய அலைச்சல் வேண்டாம். பழைய வேகன்-ஆருக்கு வந்த 145/80 ஆர்13 ரேடியல் ஒரிஜினல் ரிம்மிலேயே உட்காரும். நாலும் ஒரே மாதிரி போடுங்கள், பழைய கிராஸ்பிளை வகை டயரோடு கலக்காதீர்கள்.

சூடு

மே மாதம், அண்ணா சாலை, சிக்னல். ஹெரால்ட் கொதிப்பது இங்கேதான். ஏர்கண்டிஷன் போடலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 948 சிசி-யில் அந்தப் பேச்சே வேண்டாம்.

முதல் வேலை பிளாக்கைக் கழுவுவது. கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில் ஐம்பது வருஷச் சேறு களிமண்ணாய் இறுகியிருக்கும். டிரெய்ன் டேப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. கம்பி விட்டுக் குத்த வேண்டும். பிளாக்கின் ஓட்டைகளை மூடியிருக்கும் கப் பிளக் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புதிது போடுங்கள். ரேடியேட்டரில் ஒரு வரிசை ட்யூப் கூட்டி ரீகோர் செய்து, சூடு பார்த்துத் தானே ஓடும் மின் ஃபேன் போடுங்கள். தெர்மோஸ்டாட்டை எந்த மெக்கானிக்காவது "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று பிடுங்கி எறிந்திருப்பார். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாக நேரமாகும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலண்ட், கூலண்ட் மட்டும்.

ஒயரிங்

வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். ஆல்டர்னேட்டர் போட வேண்டுமென்றால் நெகட்டிவ் எர்த்தாக மாற்றியே ஆக வேண்டும், காயிலின் இரு சின்ன ஒயரையும் இடம் மாற்ற வேண்டும்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்பது நல்ல மாற்றம். ராத்திரி, மழை, வைப்பர், லைட், ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடும்போது டைனமோ மூச்சுத் திணறும். சென்னையின் பாடி பகுதியில் இருக்கும் லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனி தயாரிப்பு சின்ன ஆல்டர்னேட்டர் ஒன்று எடுத்து, பெல்ட் நேர்கோட்டில் ஓடும்படி பிராக்கெட் செய்யுங்கள். பெல்ட் இரண்டு மில்லி விலகினாலும் விசில் அடிக்கும். பேட்டரிக்குப் போகும் பழுப்பு ஒயரைத் தடித்ததாக மாற்றுங்கள், பழையது கூடுதல் கரண்ட்டில் உருகிவிடும். டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜிங் பல்ப் கட்டாயம் எரிய வேண்டும். அது இல்லாமல் ஆல்டர்னேட்டர் கண்விழிக்காது.

லூகாஸ் ஒயர் நிறங்கள் ஒரு ஒழுங்கில் இருக்கும்: பழுப்பு பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃப்யூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். புது ஹார்னஸ் கட்டும்போதும் இதே நிறத்தில் கட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சிவப்பு ஒயரில் இழுத்துவிட்டுப் போகிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் அடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார். ஃப்யூஸ் என்பது இந்த வண்டியில் பெயருக்குத்தான். நவீன பிளேடு ஃப்யூஸ் பெட்டி ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிடுங்கள். ஹெட்லைட் 7 இஞ்ச் வட்டம், அம்பாசிடர் அளவே. ஹாலோஜன் 60/55 போடலாம், ஆனால் ரிலே வைத்து. இரண்டு விளக்கும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். அது முழுவதும் அறுபதுகளின் சுவிட்சு வழியாகப் போனால் புகைதான்.

பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. கழற்றிய பாயிண்ட், கண்டென்சர் செட்டை டேஷ்போர்டு அறையில் வையுங்கள். கிட் நடுரோட்டில் போனால் இருபது நிமிஷத்தில் பழையதை மாட்டி வீடு வந்துவிடலாம்.

பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் வாஷர் எல்லாம் அதில் ஊறி நொறுங்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், நிறுத்தியே வைத்த வண்டியில் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஹோஸ், டயஃப்ரம் இரண்டும் எத்தனால் தாங்கும் வகையில் வாங்குங்கள். ரொம்ப நாள் ஓட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை வடித்துவிடுங்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலியும். பிளக் முனை வெளுத்துப் போனால் மெயின் ஜெட்டை ஓர் அளவு ஏற்றுங்கள். கார்புரேட்டர் அடியில் சூடு தடுக்கும் கட்டை, எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிப் போகும் பெட்ரோல் பைப், இந்த இரண்டும் இருந்தால் வெயிலில் நின்று நின்று கிளம்பாமல் அடம்பிடிப்பது குறையும்.

ஈயமில்லா பெட்ரோலுக்காக ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமான உலோகத்தில் மாற்றுவது, ஹெட் கழற்றும்போதே செய்துவிட வேண்டிய வேலை.

கடைசியாக இன்ஜின்

இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின் மெயின் பேரிங்கில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும், அரை நிலா வடிவ த்ரஸ்ட் வாஷர் இரண்டு இருக்கும். அவை தேய்ந்து, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். டயல் கேஜில் ஆட்டம் 4 முதல் 8 தவுக்குள் இருக்க வேண்டும் (ஒரு தவு என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சம்ப்பைக் கீழிருந்தே இறக்கி, இன்ஜினை வெளியே எடுக்காமலே இவற்றை மாற்றலாம். வரிப்பள்ளம் உள்ள பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், நியூட்ரலில் போடுங்கள்.

மற்றபடி வழக்கமான வேலைதான்: 63 மி.மீ. போரை அளந்து, தேவைப்பட்டால் ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வு லேப்பிங். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச் எல்லாவற்றையும் எடை பார்த்து சமநிலைப்படுத்தச் சொல்லுங்கள். 948-க்கு இதைவிட நல்ல மாற்றம் கிடையாது. வால்வு இடைவெளி ஆறிய நிலையில் 10 தவு. இங்கிலாந்தில் இதே குடும்பத்தில் 1147, 1296 சிசி இன்ஜின்கள் உண்டு, இதே இடத்தில் உட்காரும். ஆசைதான். ஆனால் மேலே சொன்ன ஆர்.சி. கதை அதற்கும் பொருந்தும்.

டிஃபரென்ஷியலின் பல் விகிதம் 4.875. 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 3,700 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். அதுதான் இந்த வண்டியின் இயல்பான வேகம், அதற்கு மேல் துரத்தாதீர்கள். ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, வண்டி நின்றபின் போடுங்கள்.

சேர்த்து முடித்து முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன்பின் ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளைக் கையேட்டு அளவுக்கு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பார்த்து, 20டபிள்யூ-50 ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்டியரிங் ரேக் கிளாம்ப், கேலிப்பர் போல்ட், பின் ஸ்பிரிங்கை டிஃபரென்ஷியலோடு பிடிக்கும் நட்டுகள், பாடி போல்ட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஷிம் உட்கார்ந்து சில போல்ட்டுகள் கட்டாயம் தளர்ந்திருக்கும்.